மூன்று

மாதம் பிறந்த முதல் வாரம்
ஹெட்போனை மாட்டிக்கொண்டு
டுலூத் நகரத்துக் கம்பெனிகளை
ஒவ்வொன்றாக அழைப்பேன்.
கேள்வி ஒன்றுதான்:
போன மாதக் கடைசி வேலைநாளில்
உங்களிடம் எத்தனை இடம் காலி?

எண்ணுவது என் வேலை.
எண்ணிப் பார்ப்பதற்குச் சம்பளம் கிடையாது.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில்
டார்லீன் எடுப்பாள்.
அவளுக்குப் பின்னால் எந்திரங்கள் இரையும்.
மூன்று, என்பாள்.
கோடையில் மூன்று.
மேப்பிள் இலைகள் கொட்டியபோது மூன்று.
ஏரி உறைந்த பிறகும் அதே மூன்று.
இந்தத் தடவை மட்டும் குரலைத் தாழ்த்தினாள்:
"விளம்பரம் போட்டது போட்டபடி இருக்கிறது.
ஆளெடுக்க மேலே பணம் ஒதுக்கவில்லை.
அதையும் சேர்க்கலாமா?"

விதியை வாசித்தேன்.
வேலை என்று ஒன்று இருக்க வேண்டும்.
முப்பது நாளுக்குள் ஒருவர் சேரக்கூடியதாக இருக்க வேண்டும்.
வெளியே ஆள் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.
எதிர்முனையில் ஓர் உருளை ஓய்ந்து
இன்னொன்று சுழலத் தொடங்கியது.
"தேடிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்றாள்,
"மூன்றென்றே போட்டுக்கொள்."

போட்டுக்கொண்டேன்.
பெருமூச்சுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

என் வீட்டு சோபாவில்
தம்பி ஆர்விட், பதினொரு மாதமாய்.
இரும்புத் தாதைக் கப்பலில் கொட்டும் துறையில்
இருபத்திரண்டு வருடம் பெல்ட் ஓட்டியவன்.
குளிக்கும்போதும் போனை
ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி
சோப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான்.
அந்த வெளுப்பாலைக்குத்தான் மனுப் போட்டிருக்கிறான்.
"அங்கே குளிராது, மார்லிஸ்.
அது ஒன்றே பாதிச் சம்பளம்."

வேலையில் சேர்ந்த அன்று
வலக்கையை உயர்த்தி நான் சொன்ன சொல்:
ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லேன்.
மீறினால் அபராதம், சிறை.
உப்பை எடுத்துக் கொடுத்தேன்.
சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ராத்திரி வானொலியில்
ஒரு குரல் சந்தோஷமாகச் சொன்னது:
வேலை தேடுகிறவர்களைவிட
காலியிடங்கள் அதிகமாம்.
ஆர்விட் கரண்டியைக் கீழே வைத்தான்.
"அப்படியானால் கோளாறு என்னிடம்தான், இல்லையா?"

அந்தப் பெரிய தொகைக்குள் எங்கோ
என் மூன்று கிடக்கிறது.
ஏட்டுச் சுரைக்காய்.
வரைந்தவள் நான்,
அதை வைத்துச் சமைக்கச் சொல்லி
அவனை உட்கார்த்தி வைத்திருப்பவளும் நான்.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்து
"இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றவா?" என்றேன்.

மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டான்.
காலரை இரண்டு முறை.
நேரிலேயே போய்ப் பார்க்கிறேன் என்றான்.
குன்றேறிப் போக வேண்டும்,
பஸ் அவ்வளவு தூரம் போகாது,
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
போகாதே என்று சொல்ல எனக்கு
ஒரு காரணம்தான் இருந்தது,
அதைச் சொல்லக் கூடாது.
"இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்" என்றேன்.

இருட்டிய பிறகு திரும்பினான்.
புருவத்தில் பனி, முகமெல்லாம் வெளிச்சம்.
டார்லீன் என்று ஒரு அம்மாள்,
நல்ல மாதிரி, காப்பி கொடுத்தாளாம்.
மனு கோப்பில் பத்திரமாக இருக்கிறதாம்.
விரலை விரித்துக் காட்டினான்:
"மூன்று இடம், மார்லிஸ்! மூன்று!
அதில் ஒன்றுகூடவா எனக்கு இல்லாமல் போகும்?"

என்னிடமிருந்து புறப்பட்டுப் போன எண்
ஏரியைச் சுற்றி, வானொலியைச் சுற்றி
என் சமையலறைக்கே வந்து நின்றது,
தம்பியின் கையில்,
விரல் நுனிகள் வெளுத்து.

ஒன்றும் சொல்லவில்லை.
ஈரக் காலுறைகளை வாங்கி
ஹீட்டர்மேல் விரித்தேன்.
நான்கு.
பழக்கம், எண்ணிவிட்டேன்.