மூன்றாவது பிரதி

பழைய டிஸ்க் செவ்வாய்க்கிழமையிலிருந்து
பல்லி மாதிரி சத்தமிடுகிறது.
டிக். கொஞ்சம் யோசனை. டிக் டிக்.
பல்லி சொன்னால் பலன் பார்க்கப் பஞ்சாங்கம் உண்டு.
இதற்குக் குன்னூர் போக வேண்டும்.

அரவேணுவில் மழை விட்டதும் பஸ் ஏறினேன்
டிஸ்க்கை ஷெரினின் பழைய மஃப்ளரில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு.
திருப்பத்துக்குத் திருப்பம் கை தானாக இறுகியது.

இத்ரீஸ் காதோரம் வைத்துக் கேட்டார்.
"ஹெட் போயிட்டிருக்கு.
இன்னிக்கு ராத்திரியே காப்பி எடுத்துருங்க."

பிறகு கவுண்ட்டரில் இரண்டை வைத்தார்.
"இது சுத்துறது. வெலை கம்மி, எடம் ஜாஸ்தி.
மேசையிலேர்ந்து விழுந்தா முடிஞ்சது.
இது சுத்தாதது. விழுந்தாலும் பொழச்சுக்கும்.
ஆனா வருஷக்கணக்கா கரண்டே காட்டாம
பீரோவுல போட்டு வச்சா
மெதுவா மறந்துரும்."

பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:
"நீங்க கீழ போடுற ஆளா, மறக்குற ஆளா?"

என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை,
ஊட்டி குடும்பக் கோர்ட்டில்கூட.

நான் கீழே போட்டவை:
ஒரு ஊறுகாய் ஜாடி, இரண்டு போன்,
மார்க்கெட் படியில் ஒரு மாதச் சம்பளக் கவர்.
மறந்தவை: ஞாபகமில்லை.

இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினேன்,
வேறு வேறு கம்பெனி.
"ஒரே பெட்டியில வந்ததுங்க
ஒரே வாரத்துல போறதைப் பாத்திருக்கேன்."
விளிம்பில் நீல விளக்கு எரிகிறதை எடுத்தேன்;
வாங்கித் திரும்ப உள்ளே வைத்தார்.
வாரண்டி?
"மூணு வருஷம். டிஸ்க்குக்கு.
உள்ள இருக்கிறதுக்கு இல்ல."

இரவு.
மீதமுள்ள நேரம் நான்கு மணி என்றது.
பிறகு பதினோரு நிமிடம்.
பிறகு ஒன்பது மணி,
கோத்தகிரி ஸ்டாண்டில் டைம் கீப்பர் சொல்வதுபோல.
பட்டா, ரேஷன் கார்டு, ஷெரினின் பல் எக்ஸ்ரே,
ஃபாக்டரி இலைக் கணக்கு எட்டு வருடம்,
எல்லாம் பெயர் மட்டும் காட்டிக் கடந்தன.
'எட்வின் பைக் எடுத்த நாள்', நாற்பத்திரண்டு படம்.
மவுஸ் மேல்தான் கை இருந்தது.
அதுவும் கடந்தது.

காமிரா லென்ஸைப் பூஞ்சை தின்ற வீடு இது.
ஷூ டப்பாக்களில் வந்த சிலிக்கா பொட்டலங்களைத் தேடி எடுத்து
முறுக்கு டின்னில் போட்டு
சுற்றுகிறதைப் படுக்க வைத்தேன்.
முறுக்கு வாசம் போகவில்லை. பரவாயில்லை.

லேப்டாப்பில் ஒன்று, டின்னில் ஒன்று.
மூன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கணும்,
இத்ரீஸ் சொல்லித்தான் அனுப்பினார்.
"கிளவுட்ல போடும்மா" என்கிறாள் ஷெரின், கோவையிலிருந்து.
இங்கே மேகம் இறங்கினால்
டவரே கண்ணுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு பெனிட்டாவிடம் கொடுக்கலாம்.
ஆனால் அவள் வீடும் என் வீடும் ஒரே சரிவு.
மண் நகர்ந்தால் இரண்டும் சேர்ந்தே புறப்படும்.
ஃபாக்டரி அலமாரி?
அது எங்களுக்கும் கீழே.
வேறு மலை வேண்டும்.
வேறு மலையில் எனக்கு
ஒரே ஒரு நம்பர்தான் மனப்பாடம்.

கேத்தியில் மணி அடித்தது.
ஆறு வருடம் கழித்து, "சொல்லு" என்றான்.
பின்னால் கேரட் கழுவும் மெஷின்.

"ஒரு டிஸ்க் வச்சிருக்கணும்.
சோப்பு டப்பா அளவுதான்."
"எவ்வளவு நாளைக்கு?"
அதை நான் இத்ரீஸிடம் கேட்கவில்லை.
"வருஷத்துக்கு ரெண்டு தடவை கரண்ட் காட்டணும்."
"மறந்துடுவேனே."
"போன் பண்றேன்."

மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.
தண்ணீர் சொட்டுவது கேட்டது.
"பாஸ்வேர்ட் போட்டிருக்கியா?"
"போட்டிருக்கேன்."
"நல்லது" என்றான், வேறெதுவும் கேட்கவில்லை.

காலை முதல் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்,
சுற்றாததை.
எனக்குத் தெரியும்,
அவன் கீழே போடுகிற ஆள்.