பின்னால் யார்?

மெரடித்திடம் கரும்பலகை கிடையாது.
பிஸ்கட் டின் மூடியில்
சுற்றுலாக் கடைக் காந்தங்களை ஒட்டி
எங்களை நிறுத்துவாள்.
சியூ பெங் டுரியான். ஹிதாயா சைக்கிள் ரிக்‌ஷா.
கோகிலவாணி மஞ்சள் பெர்ரி.
நான் கொம்தார்,
அத்தனை மாடியும் அசையாமல்
கோல் கம்பத்துக்கு முன்னால்.

வேலையிலும் கடைசி ஆள்தான்.
பாயான் லெப்பாஸில்
சில்லுகளைப் பார்த்து அனுப்பும் மேசை.
எனக்குத் தப்பிய கீறல்
பினாங்குக்கே தப்பிய கீறல்.

முட்டைப் பந்து. நான்கு கம்பங்கள்.
நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு,
ஓரத்தில் நழுவினால் ஒன்று.
தவறுக்கும் கூலி தருகிற ஆட்டம்.

பின்வரிசையில் ஆறு பேர்.
பந்து வந்தால் பிடிக்காதே, குத்து,
இது எனக்கு வாய்த்த பாடம்.
முஷ்டியால் ஒரே குத்து, கோட்டுக்கு வெளியே,
சாக்கடை வரைக்கும்.
என் கையில் பந்து தங்கிய நேரத்தை
நான்கு வருடத்துக்கும் சேர்த்துக் கூட்டினாலும்
ஒரு தே தாரிக் ஆறாது.

கோகி அப்படியல்ல.
பிடிப்பாள். பிடித்த கையோடு ஓடுவாள்.
பெர்ரிக்கு ஏது முன்பக்கம் பின்பக்கம்,
திரும்பாமலே திரும்பி வரும் என்பாள்.
வரும்தான்.
எத்தனை மணிக்கு?

சுங்கை ஆரா பள்ளித் திடல்.
கோலாலம்பூர்க்காரிகள். மழை நின்று அரைமணி.
மூன்றாம் கால்பகுதி முடிந்தபோது
கோகி ஓடிச் சம்பாதித்தது மூன்று கோல்,
அவள் விட்டுப்போன இடைவெளியில்
உள்ளே வந்தது இரண்டு.
லாபம் ஒன்று என்றாள்
ஆரஞ்சு விதையைத் துப்பி.
அந்த இரண்டும்
என் தலைக்கு மேலே போனது என்றேன்.

படிவம் ஐந்தில் இலக்கியம் எடுத்தவள் நான்.
மதிலைக் காப்பவனுக்கு நொச்சி.
வளைப்பவனுக்கு உழிஞை.
இரண்டையும் ஒரே கொண்டையில் செருகிக்கொண்டு
இடது ஓரமாய்ப் பறக்கிறவளுக்கு
என்ன திணை என்று
எந்த வினாத்தாளிலும் கேட்கவில்லை.

மெரடித் சொன்னது இவ்வளவுதான்:
ஓடு. ஓடும் முன் கத்து,
பின்னால் யார் என்று.
பதில் வரவில்லையா, நில்.

இரண்டு புள்ளி குறைவாக இருந்தோம்.
உயரே வந்தது பந்து.
முஷ்டியை மடக்கினேன்.
என்மேல் ஏற வேண்டியவள்
சேற்றில் வழுக்கிக் கிடந்தாள்.
விரல்கள் தாமாகத் திறந்தன.

நெஞ்சோடு பந்து.
முன்னால் ஆளில்லாத பச்சை.
இப்படி ஒரு காலி இடம்
இந்தத் தீவில் மிச்சமிருப்பதே
எனக்குத் தெரியாது.

கொம்தார் ஓடியது.
பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை
பந்தைத் தரையில் தட்டி எடுக்க வேண்டும்.
ஈரத்தில் எந்தப் பக்கம் எழுவோம் என்று
முட்டைக்கே தெரியாது.
முதல் தட்டு கைக்கு வந்தது.
இரண்டாவது முகவாயில் இடித்தது.
அப்போதுதான் ஞாபகம் வந்து கத்தினேன்,
ரொம்பத் தாமதமாக, மூச்சே இல்லாமல்:
பின்னால் யார்?

நான்தான், போ!

வெகு தூரத்தில்
நான் நிற்க வேண்டிய கம்பங்களுக்கு நடுவிலிருந்து
கோகியின் குரல்.
ஓடத் துடிக்கிறவள் நிற்க நேர்ந்தால்
அப்படித்தான் இருக்கும் குரல்,
கொஞ்சம் கோபமாக.

உதைத்தேன்.
நடுக்கம்பத்தை உரசுவதுபோல் போய்
ஓரத்தில் நழுவியது. ஒன்று.
அவர்கள் பந்தைத் திரும்ப உள்ளே உதைப்பதற்குள்
சங்கு ஊதிவிட்டது.
ஒரு புள்ளியில் தோற்றோம்.

ஜெலுத்தோங் நெரிசலில் வேன் நின்றது.
ஹிதாயா காலுறையிலிருந்து
புல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
மெரடித் டின் மூடியை மடியில் வைத்து
கொம்தாரை ஒரு விரல்கடை முன்னே தள்ளினாள்.
கொஞ்சம் யோசித்து
அரை விரல்கடை பின்னால் இழுத்தாள்.

கோகி இருக்கைகளுக்கு இடையே தலையை நீட்டி,
அப்போ நான் எங்கே? என்றாள்.
பெர்ரியைக் காணவில்லை.
எல்லாருமாகக் குனிந்து
காலடியில் தேடினோம்.