கதவோர இருக்கை

பாரத்தில் ஏழு கட்டங்கள்.
கண், காது, பேச்சு, கை கால்,
கற்றல், மனம்,
கடைசியாக ஒன்றுக்கு மேற்பட்டவை.
என் குடல் எந்தக் கட்டத்திலும் உட்காரவில்லை.

புவான் நோர்லேலா பேனாவைக் கீழே வைத்தார்.
"பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்?"
மலாயில் கேட்டார், கனிவாகத்தான்.
அன்று காலை ஆறு முறை போயிருந்தேன்.
உதட்டுச்சாயம் பூசியிருந்தேன்.
பூசாமல் வந்திருக்க வேண்டுமோ என்று
ஜெலுத்தோங் பஸ்ஸில் திரும்பும்போது தோன்றியது.

என் பினாங்கு வேறு பினாங்கு.
சுவரோவியம் தேடி ஊரே அலையும் தெருக்களில்
எனக்குத் தெரிந்தது:
கொம்தார் மூன்றாம் மாடி, முப்பது சென், தாளுக்குத் தனிக்காசு.
பெட்ரோல் நிலையத்தில் சாவி கேட்க வேண்டும்,
சாவியோடு ஒற்றைச் செருப்பு தொங்கும்.
படகுத்துறையில் எப்போதும் ஈரம்.
பாலத்தில்
பதின்மூன்று கிலோமீட்டருக்கு
ஒன்றுமே இல்லை.
அக்கரையில் நடந்த கஸ்தூரியின் கல்யாணத்துக்கு
தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு இது வயிற்றுக் கோளாறு.
அத்தைக்குக் கண்ணேறு.
மலாயில் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, ஆங்கிலத்திலும்.
தமிழில் மட்டும் குரல் தானாகத் தாழும்.
அகராதியில் தேடினேன்: பெருங்குடல் அழற்சி.
அழல் உள்ளே இருக்கிற சொல்.
யாரோ எனக்கு முன்பே எரிந்து பார்த்துத்தான்
பெயர் வைத்திருக்கிறார்கள்.

நிபுணரின் கடிதம் வேண்டுமாம்.
பெரியாஸ்பத்திரி முகப்பில் சொன்னார்கள்: ஆறு வாரம்.
தேர்வுக்கு நான்கு.
ஆறாத நோய்க்கு ஆறு வாரமா என்று
முகப்பிலிருந்த சீனப் பையனிடம் தமிழிலேயே கேட்டு
நானே சிரித்துக்கொண்டேன்.
என்ன நினைத்தானோ,
அடுத்த புதன் வா என்று எழுதிக்கொடுத்தான்.

குழு கூடியது. என்னைக் கூப்பிடவில்லை.
"மாணவி ஹேமலோஷினி த/பெ தனபாலன்
தேர்வின்போது ஒரு முறை,
பத்து நிமிடம் வெளியே செல்லலாம்."
ஒரு முறை.
குடலுக்கு இதை யார் வாசித்துக் காட்டுவது?

திரும்பப் போனேன்.
உதட்டுச்சாயம் பூசித்தான், அடர்சிவப்பு.
மேசைமேல் என் நோட்டை வைத்தேன்.
இருபத்தெட்டு நாள்: தேதி, மணி, எத்தனை முறை,
இரத்தம் உண்டா இல்லையா.
நான்காம் பக்கத்தில் புவான் நிறுத்திவிட்டார்.
"என்ன வேண்டும், நீயே சொல்."
இதுவரை யாரும் கேட்காததால்
என்னிடம் பதில் தயாராக இல்லை.
கதவுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை என்றேன்.
நான் வெளியே இருக்கும்போது கடிகாரம் நிற்க வேண்டும்.
எத்தனை முறை என்று யாரும் எண்ணக்கூடாது.
மூன்றாவதை அவர் எழுதிக்கொள்ளவில்லை.

கதவோரத்தில் கடல்காற்று
விடைத்தாளைத் தூக்குகிறது.
மாத்திரை டப்பாவை மேலே வைத்தேன்.
இரண்டாம் கேள்வியில் எழுந்தேன்.
கூடவே வந்த கண்காணிப்பாளர் வெளியே நின்று
கைக்கழுவும் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார்,
நான் வரும்வரை மூடவில்லை.
சத்தம் மறைக்கவா, கை கழுவவா,
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
தன் தாளில் ஒரு கோடு போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள்.
நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.
எனக்கு இன்னும்
இருபத்தோரு நிமிடம் இருக்கிறது.