அரைத் தேக்கரண்டி

மரத்துக்கு இரண்டரைக் கிலோ.
வெங்காயத்துக்கு அரைத் தேக்கரண்டி,
அதுவும் தாளிலிருந்து நான்கு விரல் தள்ளி.

காலையில் நான் போடுவது முதல் கணக்கு.
செம்பனைக் காட்டில் வாளியைத் தோளில் மாட்டி
இருநூறு மரம்.
காலிச் சாக்கை எண்ணிப் பார்த்துத்தான்
ஆரோக்கியம் மண்டோர் பேர் போடுவார்.
சாக்கில் எதுவும் மிஞ்சாது.
மிஞ்சுவதெல்லாம் மடிப்பில்:
காற்சட்டை மடிப்பு, முக்காட்டு முடிச்சு,
பூட்ஸுக்குள் நனைந்த காலுறை.
குளியலறையில் பழைய நாளிதழ் விரித்து உதறுகிறேன்.
இளஞ்சிவப்பும் சாம்பலுமாய்க் குருணை.
இதைத் திருட்டு என்பவர்கள்
என் விரலிடுக்குப் புண்ணையும்
தோட்டத்துக் கணக்கிலேயே எழுதிக்கொள்ளட்டும்.

பாடாங் செராயில் மாசி வெயில்.
மூன்று வாரமாய் மழை இல்லை.
மலிவு விலை வீடு, பின்பக்கம் பன்னிரண்டடி;
துணி அலசிய தண்ணீர் ஓடும் கால்வாய்க்கு
இந்தப் பக்கம் நான்கு பாத்தி.
இந்தியாவிலிருந்து வெங்காயம் வராத மாதத்தில்
கிலோ பதினாலு வெள்ளிக்கு வாங்கி
அரிய மனமில்லாமல்
நட்டுவிட்டவை.

காய்ந்த மண்ணில் உரம் வைத்தால் எரிக்கும்.
முதலில் தண்ணீர், அப்புறம் உரம், திரும்பவும் தண்ணீர்.
இதை எனக்குச் சொன்னது இரண்டாம் பாத்தி,
நுனியெல்லாம் பழுத்து.

மற்ற மூன்றும் முழங்கை உயரம்.
வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து
ரொஹாயா பெருவிரலை உயர்த்தினாள்.
நானும் சிரித்தேன்.
அவள் உள்ளே போனதும்
ஒன்றைப் பிடுங்கினேன்.
தாள் இவ்வளவு பெரிசு,
கிழங்கு ஒரு பட்டாணி.

அன்றோடு நிறுத்தினேன்.
ஆனால் மடிப்புகள் நிறுத்தவில்லை.
மைலோ டின் நிறைந்து மூடி ஏறாமல் நிற்கிறது.
நேற்று ஒரு பிடியை
ரொஹாயாவின் செராய்ப் புதருக்கு வீசினேன்;
அது ஏற்கெனவே யாருக்கும் அடங்காதது.

வெங்காயம் பசியில் கிடக்கட்டும் என்று விட்டுப்
பதினெட்டு நாள்.
எங்கள் பகல் வேறு ஒரே நீளம்,
கூடவும் தெரியாது, குறையவும் தெரியாது.
எதைப் பார்த்து அது
பருக்கத் தொடங்குமோ.

இன்று விடியற்காலை, கைப்பேசி வெளிச்சத்தில்,
மூன்றாம் பாத்தியில் ஒரு தாள்
கழுத்தோடு சாய்ந்து கிடந்தது.
பூனை மிதித்ததா, முற்றிவிட்டதா?
மண்ணை விலக்கக் குனிந்தேன்.
முனையில் லோரி ஹாரன் அடித்தது,
ஒரு தரம், இரண்டு தரம்.
கையை முக்காட்டில் துடைத்துக்கொண்டு
ஓடினேன்.