பின் பிரேக்

மூன்று மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது.
அருமனை இறக்கத்தில் கியரை மாற்றும்போதெல்லாம்
தகர டப்பாவில் புளியங்கொட்டை குலுக்குவதுபோல.
விடியற்காலை மூன்றரைக்குப் பால்வெட்டப் போகிறவனுக்கு
ஹார்ன் தேவையிருக்கவில்லை.
நாய்கள் தூரத்திலேயே எழுந்து வழிவிடும்.
தெற்கு வீட்டில் ஒரு ஜன்னல்
படாரென்று சாத்தும்.

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே
ஸ்பேர் கடைக்காரர் செயினை மட்டும் தர மறுத்தார்.
"பழைய பல்லுல புதுச் செயினைப் போட்டா
ஆறு மாசத்துல அதுவும் பழசாயிரும், கேட்டியளா.
மூணையும் சேத்து மாத்தணும்."
ஆயிரத்து முன்னூற்றைம்பது.
மழையால் எட்டு நாள் வெட்டில்லை.
ஒட்டுப்பால் விற்ற காசு அது.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
அயனி மரத்தடியில் சாக்கை விரித்தேன்.
கவரைக் கழற்றினால்
செம்மண், ரப்பர் பால், கரிஓயில் எல்லாம் கூடி
கறுத்த அல்வா.
துடைத்துப் பார்த்தேன்:
பெரிய சக்கரத்தின் நாற்பத்திரண்டு பல்லும்
இழுத்த பக்கமே சாய்ந்துவிட்டன.
செயினைப் பிடித்துத் தூக்கினால்
பல்லுக்கும் அதற்கும் நடுவே
ஒரு தீக்குச்சி போகும்.

சின்னப் பல்சக்கரத்தில்தான் வேலை நின்றது.
இரண்டே போல்ட்.
துரு அவற்றைத் தன் பெயருக்குப் பட்டா மாற்றியிருந்தது.
ஸ்பானரை அழுத்தினால்
போல்ட்டைத் தவிர மற்றதெல்லாம் திரும்பியது.
கியரில் போட்டும் பார்த்தேன்.
யாராவது ஏறியிருந்து
பின் பிரேக்கை மிதிக்க வேண்டும்.
ஆள்கூட வேண்டாம். ஒரு கால் போதும்.

பிரிஸ்கா மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.
ஒரு கையால் பிரேக்கை அமர்த்தி
மறுகையால் முறுக்கினேன்.
ஸ்பானர் வழுக்கியது, விரல் முட்டியில் தோல் போனது.
ஒரு கெட்ட வார்த்தை
கோயில் வெள்ளைச் சட்டையோடேயே வந்தது.

வேலியில் சீமக்கொன்னை ஒடியும் சத்தம்.
அண்ணன் வின்சிலாஸ்.
ஒன்றேகால் சென்ட்டுக்காக
குழித்துறைக் கோர்ட்டில் நாலு வருஷமாய்
ஒரே பெஞ்சின் அந்த முனையில் இருக்கிறவர்.
அதிருக்கல்லைத் தாண்டி வந்தார்.
அவர் மனுவின்படி பார்த்தால்
தாண்டவே இல்லை,
அயனி வரைக்கும் அவருடையது.
வேட்டியை மடித்துக் கட்டி
ஒன்றும் பேசாமல் ஏறியிருந்து
மிதித்தார்.

நான் தலையைத் தூக்கவில்லை.
கண்ணுக்கு நேரே குதிகால் மட்டும்.
வெடிப்புகளில் உறைந்த ரப்பர் பால்.
எனக்கும் அப்படித்தான் இருக்கும்,
என் குதிகாலை நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

முதல் போல்ட் கிரீச்சிட்டு விட்டது.
இரண்டாவதுக்கு
தன் பாரம் முழுவதையும் அந்தக் காலில் இறக்கினார்.
விட்டது.

போய்விடுவார் என்று நினைத்தேன்.
பீடியைப் பற்றவைத்து நின்றார்.
பெரிய சக்கரம், நாலு நட்டு, புதுச் செயின்,
கையெல்லாம் மஞ்சள் கிரீஸ்.
இரண்டு முனையையும் சேர்த்து
குறட்டால் லாக்கை அமுக்கியபோது
முதுகுக்குப் பின்னால்:
"லாக்குக்க வாயி முன்னால கெடக்கு.
ஓடும்போ தெறிச்சிரும்."

நாலு வருஷத்தில்
வக்கீல் கையெழுத்து இல்லாமல் வந்த
முதல் இரண்டு வரி.
கழற்றித் திருப்பிப் போட்டேன்.
நிமிர்ந்தபோது
பீடி வாசனையும்
ஆடிக்கொண்டிருந்த கொன்னைக் கம்பும்தான்.

திங்கள், மூன்றரை.
வண்டிக்குச் சத்தமே இல்லை.
நடுரோட்டில் உறங்கிய நாய்
டயர் பக்கத்தில் வந்த பிறகுதான் துள்ளி எழுந்தது,
நானும் பயந்தேன்.
தெற்கு வீட்டு ஜன்னல் திறந்தே கிடந்தது.
பல்ப் வெளிச்சத்தில் அவர்
பனியனைத் தலைவழியே போட்டுக்கொண்டிருந்தார்.
கை இரண்டும் மேலே, முகம் துணிக்குள்.
போவது யாரென்று தெரியாது.

ஹார்ன் அடிக்கலாமா என்று தோன்றியது.
வியாழக்கிழமை வாய்தா.
பெருவிரல் பட்டன்மேல் இருக்கும்போதே
வளைவு வந்துவிட்டது.