பதினேழாவது போர்ட்

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில்
ஸ்விட்சை ஆணியில் மாட்டிய அன்றே சொன்னேன்,
ஈரம் இதற்கு ஆகாது.
சங்கச் செயலாளர் தவசிலிங்கம்
பழைய சாக்கை எடுத்து மேலே போர்த்தினார்.
மூச்சு முட்டும் சார், சூடாகிவிடும்.
பாதிச் சாக்கை விலக்கினார்.

மூன்றேமுக்காலுக்கு நிலக்கோட்டை வண்டி வரும்.
நாலரைக்கு உள்ளறையில் மல்லி விலை முடிவாகி
கணினியில் ஏறும்.
பலகையில் எழுதுவது ஐந்து மணிக்கு.
நடுவில் உள்ள அரைமணி நேரம்
அந்த எண் எவருக்கும் தெரியக் கூடாது.
யாருக்கோ தெரிகிறது.
அதற்குத்தான் என்னை மறுபடி கூப்பிட்டார்கள்.

விலைத்தாளுக்கு ஒரு பாதை, தராசுகளுக்கு ஒன்று,
வந்து போகிறவர்களின் போனுக்கு ஒன்று.
ஒரே கம்பிக்குள் மூன்று தெரு,
ஒன்றில் நடப்பவன் செருப்புச் சத்தம்
அடுத்ததில் கேட்காது.
அப்படித்தான் கட்டியிருந்தேன்.

லாக்கைத் திறந்தால்
தராசுத் தெருவில் இருந்த பதினேழாவது போர்ட்
விலைத் தெருவுக்குக் குடிமாறியிருந்தது.
தினமும் நாலு முப்பத்தொன்றுக்கு
அதில் ஒரு முகவரி வந்து நிற்கிறது,
எழுத்தும் எண்ணுமாய்ப் பன்னிரண்டு,
என் பட்டியலில் இல்லாதது.
அட்மின் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் இரண்டே பேர்.
அவர் டைரியில் எழுதிக் கொடுத்தது நான்தான்,
அழகான கையெழுத்தில்.

கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன்.
எலி கடித்து டேப் சுற்றிய இடம்,
சம்பங்கிக் கூடை, அரளி மூட்டை,
ஈர நார்க்கட்டு,
நாற்பத்தோராம் கடை.
தராசுக்குப் பின்னால்
தாமரை இலையில் பொதிந்து
சின்ன வெள்ளை ரூட்டர்.
பச்சை விளக்கு சிமிட்டியது.

யார் கடை என்று நான் கேட்கவில்லை.
ரசீதுப் புத்தகம் திறந்தே கிடந்தது.

"தீர்மானம் போட்டுட்டாய்ங்கம்மா,
அதான் கூப்ட்டேன்" என்றார் தவசிலிங்கம்.
"மத்தத எல்லாம் அடைச்சிரு.
அத மட்டும் மேல ஒரு வரியா எழுதி விட்ரு.
மகன் அதுலதான் படிக்கிறான்."

விவரம் தெரிந்துதான் கேட்டார்.
விதிகளை ஸ்விட்ச் மேலிருந்து கீழே வாசிக்கும்.
முதலில் எது பொருந்துகிறதோ அதுவே தீர்ப்பு,
அடுத்த வரிக்குக் கண் போகாது.
எல்லாவற்றுக்கும் அடியில்
யாரும் எழுதாத வரி ஒன்று உண்டு:
மற்றவர் எவருக்கும் இல்லை.
திரையில் தெரியாது.

"என்னத்தா சொல்றாய்ங்க இன்னிக்கு?"
கழுத்தில் அட்டை தொங்கியதால்
ஆபீஸ் ஆள் என்று நினைத்து,
தலைக்கூடையை இறக்காமலே கேட்டாள்
உசிலம்பட்டிப் பக்கத்துப் பிச்சாயி.
தெரியாதுக்கா என்றேன்.
என் கையிலிருந்த லேப்டாப்பில்
ஆயிரத்து நூற்று நாற்பது என்று இருந்தது.
சரி என்று அவள் நகர்ந்தாள்.
அவளுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்,
என்னிடம் கேட்கவும் இல்லை.

பதினேழை மூடினேன்.
பாஸ்வேர்டை மாற்றினேன்.
முதல் வரி கேட்டார் அல்லவா,
முதல் வரியே எழுதினேன்:
விலைத்தாளுக்கு மட்டும், வாசிக்க மட்டும்,
எந்தத் தெருவிலிருந்து எவர் வந்தாலும்
அனுமதி.
அவர் மகனும் அதில் அடக்கம்.

இப்போது நாலரைக்கே எல்லார் போனிலும் விலை.
நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை.
சுமை தூக்கும் பையன்கள் ரீல்ஸ் பார்ப்பதால்
நெட் ஊர்கிறது என்று
பிச்சாயிதான் போனில் திட்டினாள்.
நம்பரை யார் கொடுத்தார்களோ.
வேகத்துக்கு ஒரு வரம்பு வைத்தேன்.

என் பில் மூன்று மாதமாய்க் கமிட்டியில் இருக்கிறது.
போன வாரம் கேட்கப் போனபோது
சாக்கு முழுசாக மூடியிருந்தது,
உள்ளே ஆரஞ்சு விளக்கு.
பாதியை விலக்கிவிட்டு வந்தேன்.