குறிப்புகள் என்ற கட்டம்

மாதிரி எண் 4471.
பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம்.
வெள்ளைத் தூள், சோளமாவு போல.
மணம் எதுவும் இல்லை
(முகரக்கூடாது. முகர்ந்ததாக நான் எங்கும் எழுதவில்லை).

வெஸ்ப்ரேமில் பிப்ரவரி.
பகோனி மலைக்காற்று இறங்கிவந்து
ஆய்வகத்தின் இரட்டைக் கண்ணாடியை
இரவெல்லாம் தட்டுகிறது, உள்ளே விடச்சொல்லி.
உள்ளே நான்
இருக்கும் காற்றையும் வெளியேற்றிக்கொண்டிருக்கிறேன்.

பம்பு முனகுகிறது.
கிண்ணத்தின் மூடியில் ஒரு துளை,
ஊசிக்காதைவிடச் சிறியது.
அதன் வழியே தூள் தன்னை
இம்மி இம்மியாக விட்டுக்கொடுக்கும்.
தராசு எண்ணும்.
காத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் இரவே எண் எகிறியது.
எமோக்கே எட்டிப்பார்த்து, "பறக்கிறதே உன் தூள்!" என்றாள்.
தூள் இல்லை அது.
செய்த இடத்தில் கழுவிய டொலுயீன்,
படிகங்களின் இடுக்கில் ஒளிந்து வந்து
வாசல் திறந்ததும் முண்டியடித்து வெளியேறியது.
அவசரப்பட்டிருந்தால்
ஒன்றின் ஆவியை
இன்னொன்றின் கணக்கில் எழுதியிருப்பேன்.

மூன்று நாள் விட்டேன்.
போகவேண்டியது போனபின்
மிஞ்சியது பேசத் தொடங்கியது, தாழ்ந்த ஒரே குரலில்:
முப்பது டிகிரியில் ஒரு சொல்,
நாற்பதில் ஒன்று,
ஐம்பதில் ஒன்று.
புள்ளிகளைச் சேர்த்தேன், கோடு நேராக விழுந்தது.
கீழே நீட்டினால் இருபது டிகிரி:
ஒரு பாஸ்கலில் ஆயிரத்தில் மூன்று பங்கு.
படிவம் கேட்பது இருபதும் இருபத்தைந்தும்.
வேறெதுவும் கேட்பதில்லை.

"அப்போ ஆவியாகாத பொருள்தானே?"
தொலைபேசியில் வாடிக்கையாளரின் மூச்சு இலேசானது.
அப்படி ஒரு பொருள் கிடையாது, ஐயா.
உங்கள் கம்பளிச் சட்டைக்கிடையே
இளைத்துப்போன அந்துருண்டையைக் கேளுங்கள்.
இதைச் சொல்லவில்லை.
"அறிக்கை வெள்ளிக்கிழமை வரும்" என்றேன்.

படிக்கும் காலத்தில் ஒரு பருவம்
சென்டெஷில் குடமிளகாய் பறித்தேன்.
மண்ணுக்கடியிலிருந்து வெந்நீர் ஏற்றி
குழாய்களில் ஓடவிட்ட கண்ணாடிக் கூடங்கள்.
வெளியே உறைபனி இருக்கும்போதே
உள்ளே, நண்பகலில், முப்பத்தெட்டு.
மருந்தடித்த மறுநாள் கதவைத் திறப்பது போர்பாலா.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பிளாஸ்கிலிருந்து முதலில் காப்பி.
"இதைப் போட்டுக்கொண்டு எப்படிக் குடிப்பது?" என்பாள்.
நியாயமான கேள்வி.

அதே கோடுதான்.
முப்பத்தெட்டில் விரல் வைத்தேன்.
இருபதில் இருந்ததைப்போல் எட்டரை மடங்கு.

படிவத்தின் கடைசியில் 'குறிப்புகள்' என்றொரு கட்டம்.
எங்கள் ஆய்வகத்தில்
அதில் 'இல்லை' என்று எழுதுவது வழக்கம்.
நான் ஒரு வரி எழுதினேன்.

தரச் சோதனைக்கு வந்த சில்வெஸ்டர்
பேனாவைக் காதில் செருகி வாசித்தார்.
"இதை யாரும் கேட்கவில்லையே."
"வேண்டாம் என்றும் சொல்லவில்லையே."
அவர் ஜன்னலைப் பார்த்தார், காற்று இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.
பிறகு பேனாவை எடுத்து,
8.5இல் இருந்த புள்ளியை
எங்கள் நாட்டு வழக்கப்படி காற்புள்ளியாகத் திருத்திக்
கையெழுத்திட்டார்.

பம்பை நிறுத்தினேன்.
குளிர்பொறியின் உட்சுவரில்
மூன்று நாளாகத் துளைவழி வந்ததெல்லாம்
மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் மங்கலாகப் படிந்திருந்தது.
இந்த முறை முகரவில்லை.
துடைத்த துணியைக் கழிவுத் தொட்டியில் போட்டு
மூடியை அழுத்தினேன்.
இன்னொரு முறையும் அழுத்தினேன்.